உதைக்காத துப்பாக்கி

நாலு பேர் கூடினால் இப்போது நமக்கு வேறென்ன பேச்சு? முழங்கால், இடுப்பு, சர்க்கரை. போன மாதம் மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலி மாமி தன் கையைப் பாதி உயர்த்திக் காட்டி, "இவ்வளவுதான் தூக்க வரது, பாருங்கோ. தோள்பட்டை விண்விண்ணுன்னு தெறிக்கறது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாதுதான். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வலியைப் பார்த்தா சிரித்தேன்? தோள்பட்டை என்று யார் சொன்னாலும் என் அப்பாவின் வலது தோள் கண் முன்னால் வந்துவிடும். கூடவே என் மாமாவின் பேச்சும் வரும். அந்தப் பேச்சுக்குத்தான் சிரிப்பு. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அதை மாமிக்கு விளக்குவதற்குள் இலை போட்டுவிட்டார்கள். உங்களிடம் சொல்கிறேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய கைகளுக்குத்தான் இது புரியும். பேரன் பேத்திகளிடம் சொன்னால், "துப்பாக்கியா? உங்க வீட்டிலயா?" என்று வாயைப் பிளப்பார்கள். அதற்கு மேல் கேட்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது.

யுத்த காலம். எங்கள் வீடு தாராவியில் ஒரு டேனரிக்குள் இருந்தது. வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. தோல் பதனிடுவதற்குக் கடுக்காயும் ஆவாரம் பட்டையும் கொட்டி வைக்கிற கொட்டகையை ஒட்டி ஒரே ஓர் அறை, தகரக் கூரை. அப்பா அங்கே வாட்ச்மேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தார். பாதம் இரண்டும் வெந்து புண்ணாகி, இனி நிற்க முடியாது என்று ஆனபோது டேனரி முதலாளி சேட் பார்த்துக் கொடுத்த வேலை அது. அறையும் வேலையோடு சேர்த்தி. வாடகைக்கு ஒரு மூலை கிடைக்காத காலத்தில் அது பெரிய விஷயம்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் வேலைக்காரர்கள் எல்லாரும் வெளியே போவார்கள். மேஸ்திரி பெரிய கேட்டை இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கம் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்ச் சயானில் சேட் வீட்டில் கொடுத்துவிடுவார். உள்ளே நாங்கள் மூன்று பேர், அப்பா, அம்மா, நான். காலையில் அவர் வந்து திறக்கிறவரை உள்ளேதான். ஊர் உலகத்தில் திருடன் வராமல் இருக்கப் பூட்டுவார்கள். இங்கே காவல்காரன் போகாமல் இருக்கப் பூட்டினார்கள். ராணுவ பூட்ஸுக்குத் தோல் போய்க்கொண்டிருந்த சமயம். வாட்ச்மேனே இரண்டு தோலை வெளியே தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று சேட்டுக்குப் பயம்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் கொதித்தது. அப்பா கேட்டைப் பிடித்து உலுக்கினார். தெருவில் போன ஒருவர் நின்று, "சாவி எங்கண்ணே?" என்று கேட்டார்.

"சயான்ல இருக்கு."

"நீங்க வாட்ச்மேன்தான?"

"ஆமா."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பா கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அம்மாதான், "வாங்க உள்ள, கேட்டைப் பாத்துக்கிட்டு நின்னா அது தொறந்துருமாக்கும்" என்று கூப்பிட்டாள். இப்போதும் எந்தக் கட்டடத்திலாவது கிரில் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டால் என் தொண்டையில் காய்ச்சல் கசப்பு ஊறும்.

வாசனையைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் நான் மட்டும்தான் உட்காருவேன் என்று சொன்னால் போதும், மிச்சம் உங்களுக்கே தெரியும்.

பின்பக்கம் மட்டும் சுவர் கிடையாது. ஒரு முள்வேலி, அதைத் தாண்டினால் மாஹிம் கழியின் சேறு. பழக்கமில்லாதவன் இறங்கினால் இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும். நீர் வற்றுகிற வேளையில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று தெரிந்த சிலர் அதில் நடந்து வருவார்கள். கழியோரக் குடிசைப் பெண்கள். தோலின் உட்பக்கத்தைச் சுரண்டும்போது விழுகிற சவ்வும் கொழுப்பும் வேலியோரம் குவிந்து கிடக்கும். அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்க் காய்ச்சினால் விளக்கெரிக்கக் கொழுப்பு கிடைக்கும். மிச்சத்தைப் பசை காய்ச்சுகிறவன் வாங்கிக்கொள்வான். மண்ணெண்ணெய்க்கு நாம் கியூவில் நின்று கால் வீங்கியதெல்லாம் ஞாபகம் இருக்கிறதல்லவா? முன்பு சேட் அதைக் கண்டுகொண்டதே இல்லை, நாற்றம் தொலையட்டும் என்று விட்டிருந்தார். யுத்தத்தில் பசைக்குக் கிராக்கி வந்ததும் அந்தக் குப்பை அவருக்குச் சொத்தாகிவிட்டது. அதைக் காக்க அப்பா கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தார்.

லைசென்ஸ் சேட் பெயரில். வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய காலத்துத் துப்பாக்கி, நிறுத்தி வைத்தால் என்னைவிட உயரம். கருமருந்தைக் குழலுக்குள் கொட்டி, கந்தலைத் திணித்து, கம்பியால் இடித்து, ஈயக்குண்டைப் போட்டு, மறுபடி கந்தல், மறுபடி இடி. பிறகு குதிரையை இழுத்து, அதன் அடியில் பொறி தெறிக்கிற செம்புக் கேப் ஒன்றை மாட்ட வேண்டும். அதற்குள் ஒரு உலை சோறு வெந்துவிடும். சுட்டால் ஒரே புகை. புகைக்குள்ளிருந்து அப்பாவின் இருமல் கேட்கும். புகை விலகியதும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நிற்பார். அடிக்கட்டை குட்டை, அதில் இரும்புத் தகடு வேறு. தோளிலும் கன்னத்திலும் ஒரே சமயத்தில் அறையும்.

குண்டு எங்கே போயிற்று என்று அந்தக் கழிக்குத்தான் தெரியும். வந்த பெண்கள் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவர்களில் முன்னால் வருகிறவளை நாங்கள் மவுசி, அதாவது சித்தி, என்போம். மராத்திக்காரி, புடவையைக் கச்சமாக இறுக்கிக் கட்டி, வாய் நிறையப் புகையிலையோடு வருவாள். சாக்கை நிரப்பி முதுகில் போட்டுக்கொண்டு, "க்யா வாட்ச்மேன், ஆஜ் பீ நஹி லகா?" என்பாள். என்னப்பா, இன்றைக்கும் படவில்லையா என்று கேட்கிறாளாம்! அப்பாவும், "பந்தூக் கராப் ஹை, பாயி" என்று, கெட்டுப்போன துப்பாக்கியம்மா என்று, அதன் மேல் பழியைப் போடுவார். அவள் சிரித்துக்கொண்டே சேற்றில் இறங்கிப் போவாள்.

காலையில் சேட் வந்து குவியலைப் பார்ப்பார். வேலைக்காரர்களோடு பேசிப் பேசி அவருக்குத் தமிழ் அரைகுறையாக வரும்.

"ஏ வாட்ச்மேன், நீ சுடுது. ஆனா படாது. ஏன் படாது?"

அப்பா சட்டையை விலக்கித் தோளைக் காட்டுவார். நாவல்பழ நிறத்தில் வீங்கிக் கிடக்கும். "உதைக்கி, சேட். அந்த உதைக்குப் பயந்து கை ஆடிருது. குறி தப்பிருது." சேட் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார். அந்தத் தோள்தான் அப்பாவுக்கு ரசீது. அது அப்போது எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் வேலியில் நுழைந்து ஒரு வெறிநாய் வந்துவிட்டது. காயப்போட்ட தோல்களுக்கு நடுவில் நான் நின்றிருந்தேன். வாயில் நுரை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தது. கொட்டகை வாசலில் அப்பா ஏற்கெனவே மருந்து கெட்டித்திருந்த துப்பாக்கியோடு நின்றார். அங்கிருந்து நாய்க்கும் எனக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் தெரிந்திருக்கும். சுட்டார். நாய் உருண்டது. வேலைக்காரர்கள் ஓடிவந்து, "என்ன குறிண்ணே!" என்றார்கள். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நம்ம குறியா? அதுவா வந்து குண்டுல விழுந்துச்சு. சேட்டுகிட்டப் போய் எவனும் பெருமை பேசாதிய" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மழை விட்டுக் குளிர் தட்டுகிற சமயத்தில் ஒருநாள் சேட் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் கடுக்காய் மூட்டைக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தேன். "ஒருத்தி காலில் படணும். ஒண்ணு பட்டா போதும், அப்புறம் யாரும் வராது. படல்லே, நம்ம வேற ஆள் பாக்குது. ரூம் காலி" என்றார். அப்பா தலையாட்டினார். அம்மாவிடம் வந்து பாதியைத்தான் சொன்னார். "குறி தப்பிக்கிட்டே இருந்தா ரூமைக் காலி பண்ணச் சொல்லுதாரு."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்கன போவோம்?" என்று கேட்டாள். ஊரில் எங்களுக்கு ஒன்றும் மிச்சம் கிடையாது. பம்பாயில் இந்தத் தகரக் கூரை. ஆளைப் பூட்டி வைக்கிற இடம்தான், ஆனாலும் அது கையை விட்டுப் போகிறது என்றதும் அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. உப்பைத் துணியில் முடிந்து சூடாக்கி அப்பாவின் தோளில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இந்தச் சவத்து மூதித் துப்பாக்கியாலதான எல்லாம்! இரிங்க, எந்தம்பிக்குச் சொல்லி விடுதேன்" என்றாள். அந்தக் குண்டு யார் மேல் படும் என்று அவள் யோசிக்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்தது அப்பாவின் தோளும் அந்த அறையும்தான்.

என் மாமா செம்பூரில் ஒரு பட்டறையில் தச்சு வேலை பார்த்தார். ராணுவத்துக்கு மரப்பெட்டி அடிக்கிற பட்டறை. பெட்டி அடிக்கிறவர்தான், ஆனால் பேச்சைக் கேட்டால் யுத்தமே அவர் ஆணியில் தொங்குகிறது என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை வந்தார். அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டு, கை கழுவி, துப்பாக்கியைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"அத்தான், இது துப்பாக்கியா, கழுதையா? எந்தக் கோட்டிக்காரன் அத்தான் இதுக்குக் கட்டை போட்டான்?"

"வேண்டாம் மாப்ளே. பழகிருச்சு" என்றார் அப்பா.

"என்னத்தப் பழகிருச்சு? தோளைப் பாத்தா அழுவின கத்திரிக்கா மாதிரில்லா இருக்கு!"

"லைசென்சு துப்பாக்கி. கைய வச்சா போலீசு கேக்கும்."

"போலீசு குழல்ல நம்பரைப் பாப்பான். கட்டைய எவன் பாக்கான்? நீங்க செத்த சும்மா இரிங்க."

அப்பா சொன்ன ஒவ்வொரு தடைக்கும் மாமாவிடம் பதில் இருந்தது. அம்மா வேறு, "அவர் அப்பிடித்தான், தனக்குன்னு ஒண்ணு செய்ய விடமாட்டாரு. நீ செய்யி" என்று தூபம் போட்டாள். ஒரு மனிதன் தன் பிடிவாதத்தால் வேண்டாம் என்கிறானா, காரணத்தோடு வேண்டாம் என்கிறானா என்று நாம் எங்கே பார்க்கிறோம்? அன்பு பொங்கினால் காது அடைத்துவிடும்.

வேலை ஆரம்பித்தது. முதல் வாரம் மாமா இரும்புத் தகட்டைக் கழற்றி எறிந்தார். அடிக்கட்டையில் தேக்குத் துண்டு ஒன்றை ஒட்டி நீளமாக்கினார். கன்னத்தில் படுகிற மேட்டைச் சீவித் தள்ளினார். கட்டைக்குள் ஒரு குழி தோண்டி, மாஹிம் மீனவர்களிடமிருந்து வாங்கி வந்த வலை ஈயத்தை உருக்கி ஊற்றினார். "கனம் கூடினா உதை கொறையும், கேட்டியாக்கா" என்று அம்மாவுக்குப் பாடம் வேறு. யுத்த காலத்தில் டேனரிக்கு ஞாயிறும் லீவு கிடையாது; பேச்சு சுவாரசியத்தில் சங்கு ஊதியதை அவர் கவனிக்கவில்லை. மேஸ்திரி கேட்டைப் பூட்டிவிட்டுப் போயே போய்விட்டார். மாமா கேட்டில் போய் முட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஏக்கா, இதுக்குள்ளயா இருக்கிய நீங்க தினமும்?" என்றார். மறுநாள் பட்டறையில் அவருக்குச் சரியான வசவு.

அடிக்கட்டைக்கு மெத்தை தைப்பது அம்மாவின் வேலை. டேனரியில் தோலுக்கா பஞ்சம்? மெத்தென்ற ஆட்டுத்தோலில் பை மாதிரி தைத்து, உள்ளே மயிர் அடைத்தாள். எந்த மயிர்? சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின தோலிலிருந்து உரித்துக் குவித்திருந்த ஆட்டு மயிர். வெயிலில் காய்ந்து வெள்ளைவெளேர் என்று பஞ்சு மாதிரி இருந்தது. அலசாமலே அடைத்துவிட்டாள். அப்பா அதைத் தோளில் வைத்துப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். வியர்வை பட்டதும் உள்ளே இருந்த சுண்ணாம்பு கசிந்தது. சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் தோளில் தோல் உரிந்து வந்தது. "சுண்ணாம்புத் தொட்டியில காலை வேக வச்சேன். தோளு மிச்சம் இருந்துச்சு, அதையும் நீ வேக வச்சுட்ட" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மயிரையெல்லாம் பிடுங்கி, நாலு தண்ணீர் விட்டு அலசி, காயவைத்து மறுபடி தைத்தாள். சுண்ணாம்போடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

பிறகு குறி. அப்பா மருந்தை உள்ளங்கையில் குத்துமதிப்பாக எடுத்துக் கொட்டுவார். அதைப் பார்த்து மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டுக்கொம்பு ஒன்றின் நுனியை அறுத்து, குடைந்து, ஒரு அளவு செய்தார். "இதுல தலைதட்டி ஒரு கொம்பு. ஒரே ஒரு கொம்பு. கூடினாலும் தப்பு, கொறைஞ்சாலும் தப்பு" என்று என் கையில் கொடுத்தார். அந்த வேலை எனக்கு. கந்தலுக்குப் பதிலாக, வெற்றிலை மாதிரி மெல்லிசாகச் சீவின ஆட்டுத்தோலில் கொழுப்பைத் தடவி, குண்டை அதில் சுற்றி இறக்கச் சொன்னார். அப்போதுதான் குண்டு குழலுக்குள் கடகடவென்று ஆடாமல் கிச்சென்று உட்கார்ந்து நேராகப் போகுமாம். குழல் முனையில் விழுந்துபோயிருந்த குறிமணிக்குப் பதிலாகப் பித்தளைப் பொட்டு ஒன்று வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலி மூலையில் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். மாமா சுட்டார். சத்தம் முன்னைப்போல இடி மாதிரி இல்லை, டப் என்று சின்னதாகக் கேட்டது. சட்டி சில்லுச் சில்லாகத் தெறித்தது. மாமா நின்ற இடத்திலேயே நின்றார். "அத்தான், தாலாட்டுதுல்லா!" என்று கத்தினார். இதற்குத்தான் கல்யாணப் பந்தியில் எனக்குச் சிரிப்பு வந்தது. துப்பாக்கி தாலாட்டுகிறதாம்!

இரண்டாவது சட்டி அப்பாவுக்கு. நிதானமாகக் குறி பார்த்தார், சுட்டார், படவில்லை. மூன்றாவதும் படவில்லை. "எனக்குக் கண்ணு மங்கிருச்சு மாப்ளே" என்றார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா சேட் வர வேண்டும்? கணக்கு பார்க்க வந்தவர் சத்தம் கேட்டுப் பின்பக்கம் வந்துவிட்டார். மாமா விடுவாரா? மெத்தை, ஈயம், கொம்பு, தோல் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். சேட் தானே வாங்கிச் சுட்டார். வாழ்நாளில் கத்தரிக்கோலைக்கூடக் குறி பார்த்துப் பிடிக்காத மனுஷன், அவர் சுட்டுச் சட்டி உடைந்தது. மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"பஹுத் அச்சா! இப்போ உதைக்காது. இப்போ படும். நம்ம கையில பட்டுது, நீ வாட்ச்மேன், உன் கையில படாதா? நாளைக்கு நம்ம வருது. நம்ம பாக்குது."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அப்பா கீழே கிடந்த சட்டிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை காலில் குத்திவிடும் என்று சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே சேட் வந்து கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கழியில் நீர் வற்றியிருந்தது. சேற்றில் நாலைந்து பேர் வருவது தெரிந்தது. முன்னால் மவுசி. எப்போதும்போல் வேலியை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, குனிந்து சாக்கை விரித்தாள். நாங்கள் இருந்த பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா இருக்கிறவரை என்ன பயம்?

"ஹாங், மாரோ! சுடு" என்றார் சேட்.

அப்பா மூட்டைகளுக்குப் பின்னால் வந்து மருந்து கெட்டிக்க ஆரம்பித்தார். நான் கொம்பை நிறைத்துத் தலைதட்டிக் கொடுத்தேன். கொட்டினார். கொம்பை என் கையிலிருந்து வாங்கி அவரே இன்னொரு தடவை நிறைத்துக் கொட்டினார். அப்புறம் இன்னொன்று.

"அப்பா, ஒண்ணுதானப்பா" என்றேன்.

"ஏட்டி, உள்ள போ. அம்மாகிட்டப் போ."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் நான் போகாமல் நின்றேன். அவர் எழுந்து போய், மெத்தை தோளில் படாமல் கொஞ்சம் தள்ளி, எலும்பு மேலேயே கட்டையை வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சத்தத்தில் கூரையிலிருந்து துரு உதிர்ந்தது. புகை விலகியபோது துப்பாக்கி ஒரு பக்கம் கிடந்தது, அப்பா ஒரு பக்கம் கிடந்தார். காறை எலும்பு முறிந்து தோலுக்கடியில் முட்டிக்கொண்டு நின்றது. பெண்கள் சாக்கைப் போட்டுவிட்டுச் சேற்றில் ஓடினார்கள், ஒருத்திக்கும் படவில்லை. சேட் துப்பாக்கியைத்தான் முதலில் எடுத்தார். குழலைத் தடவி, வெடிப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு, "துப்பாக்கி நல்லா ஆயிடுச்சு. ஆள்தான் கெட்டுப்போச்சு" என்றார்.

இரண்டே நாளில் அறையைக் காலி செய்தோம். எங்களுக்கு எங்கே இடம் கிடைத்தது தெரியுமா? அதே கழியோரம், வேலிக்கு அந்தப் பக்கம், மவுசியின் குடிசைக்கு அடுத்த சாக்குக் கூரை. மவுசிதான் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். அப்பாவின் கை தூளியில். நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டுவிட்டு, இனி இந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது என்று சொல்லிவிட்டார். எங்களைப் பூட்ட அங்கே கேட் கிடையாது. ஆனால் போக ஓர் இடமும் கிடையாது. வாசலில் நின்றால் ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் அந்த வேலி.

அம்மா மாமாவைப் பிடித்துத் தின்றுவிட்டாள். "உன் தச்சு வேலையும் நீயும்! எம்புருசன் கையப் போக்கிட்டியேல, பாவிப்பய!" மாமா, "ஒரு கொம்பு மருந்துக்கு அப்பிடி உதைக்காதுக்கா, சத்தியமா உதைக்காது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். மூன்று கொம்பைப் பார்த்த நான் அப்பாவைப் பார்த்தேன்; அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மாமாவைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அது எப்படியாவது சேட் காதுக்கு எட்டும், வேண்டுமென்றே செய்தான் என்று போலீசுக்குக் கொடுத்துவிடுவார். அந்தப் பயம் அவருக்கு. அது எனக்கு இப்போது விளங்குகிறது. அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

வீட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்ததும் அம்மா ஒரு சாயங்காலம் சாக்கை எடுத்து உதறினாள். வெளியே மவுசி, "சல் பாயி, பானி உதர் கயா" என்று கூப்பிட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். நீர் வற்றிவிட்டது, வா என்று அர்த்தம்.

"எங்கன போற?" என்றார் அப்பா.

"சவ்வு அள்ள. வேறென்ன பொழப்பு இருக்கு நமக்கு?"

"போகாத. புது வாட்ச்மேன் வந்திருக்கான்."

"வந்தா வரட்டும். அந்தத் துப்பாக்கி இதுவரைக்கும் எவளைச் சுட்டுச்சு?"

"சுட்டது நானு. அதான் படல."

அப்பா முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னார். சேட் சொன்னது, வேண்டுமென்றே தப்பவிட்டது, மூன்று கொம்பு மருந்து. "குழல் வெடிச்சுத் தொலையும்னு நெனைச்சேன். வெடிக்கல. அது இப்ப தப்பாது, எவன் சுட்டாலும் தப்பாது. நாமல்லா அப்பிடிச் செஞ்சு வச்சிருக்கோம்" என்றார். அம்மாவின் கையிலிருந்து சாக்கு விழுந்தது. "மவுசி! மவுசி!" என்று கத்திக்கொண்டு சேற்றில் இறங்கி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அம்மாவுக்கு அந்தச் சேற்றில் எங்கே கால் வைப்பது என்று தெரியாது. விழுந்து எழுந்து ஓடினாள். பாதித் தூரம் போவதற்குள் சத்தம் கேட்டது. டப் என்று, சின்னதாக.

குண்டு மவுசியின் ஆடுசதையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. அம்மா அவளைத் தோளில் சாய்த்துச் சேற்றிலிருந்து இழுத்து வந்தாள். திருட வந்தவள் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாள்? எங்கள் குடிசையிலேயே படுக்கவைத்து, வெந்நீரில் துணியை நனைத்து அம்மா காயத்தைத் துடைத்தாள். மவுசி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மூலையில் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

"உன் ஆத்மி, உன் புருசன், காவலுக்கு இருக்கும்போது அந்த பந்தூக் எவ்வளவு நல்லா கெட்டுக் கிடந்துச்சு, பாயி" என்று அம்மாவிடம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "எந்தப் பாவி அதைச் சரி பண்ணான்?"

அம்மா துணியைப் பிழிந்து மறுபடி காயத்தின் மேல் வைத்தாள். "பேசாதீங்க மவுசி, ரத்தம் வருது" என்றாள்.